படையலுக்கு முன் ஒரு ஸ்பூன்

படிக்காதவனால் வீட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை. முழுக்கப் படித்து முடித்தவனாலும் பெரிதாக இல்லை. வேலை கிடைத்து எங்காவது போய்விடுவான். படிப்பில் பாதியை முடித்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வருகிறானே, அவனைத்தான் தூணில் கட்டி வைக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன். அப்படி வந்துதான் என் சொந்த அக்காவின் கல்யாணத்தை ஒரு ஸ்பூனைக் கொண்டு நிறுத்தப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது சென்னையில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் இரண்டாம் வருடம் சமையல்கலை படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன் திருத்தணியிலிருந்து யாரும் அந்தப் படிப்புக்குப் போனதாகத் தெரியவில்லை. (போயிருந்தாலும் வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.) நைனா, அதாவது என் அப்பா, மலையடிவாரத்தில் தறிக்கு நூல் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். நூல் வாங்க வருகிற நெசவாளிகள் எல்லோரும் கடையில் உட்கார்ந்து குசலம் விசாரிப்பார்கள்.

"பையன் இன்னா படிக்கறான்?"

"ஓட்டல் படிப்பு."

"சப்ளையருக்கா?"

"இல்ல, சமையலுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்கு காலேஜு? நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சேத்து வுட்டா அவனே சோறும் போட்டு சம்பளமும் குடுப்பானே."

இப்படி நாலு பேர் கேட்ட பிறகு நைனா பதிலை மாற்றிக்கொண்டார். "மெட்ராஸ்ல பி.ஏ. மாதிரி ஒண்ணு படிக்கறான்" என்று சொல்லிவிட்டு நூல் கட்டை எண்ண ஆரம்பித்துவிடுவார். எனக்கு அது மனசுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. நான் படிப்பது எப்பேர்ப்பட்ட படிப்பு என்று ஊருக்குக் காட்ட ஒரு நாள் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வந்தது.

கல்லூரியில் நான் கற்றுக்கொண்டவை ஏராளம். கேரட்டைத் தீக்குச்சி பருமனில் நறுக்குவேன். உருளைக்கிழங்கை ஏழு பக்கம் வருகிற மாதிரி சீவுவேன். (எட்டாவது பக்கம் வந்தால் கிழங்கும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு.) இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. ருசி பார்க்காமல் எதையும் அடுப்பை விட்டு இறக்கக் கூடாது. எங்கள் வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியில் இதற்கென்றே ஒரு குட்டிப் பாக்கெட் இருக்கும். அதில் ஸ்பூன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று முழுக்க வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். சட்டியிலிருந்து ஒரு கரண்டியால் எடுத்து, கரண்டி படாமல் நம் ஸ்பூனில் ஊற்றி, வாயில் வைத்து, ஸ்பூனைக் கழுவித் துடைத்து மறுபடி பாக்கெட்டில் போட வேண்டும். இரண்டு வருடத்தில் இந்தக் காரியம் என் மூளையைக் கேட்காமல் என் கையே செய்கிற அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சரோஜா அக்காவுக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு முன் மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகத்தில் போனது. ஒன்றில், பெண் மாப்பிள்ளையைவிட அரை அங்குலம் உயரம் என்றார்கள். மூன்றாவது வரன்காரர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள்தான். அக்காவுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. அம்மா அவள் வயதை வெளியில் சொல்லும்போது குரலைத் தாழ்த்த ஆரம்பித்திருந்தாள்.

இந்த மாப்பிள்ளை பாஸ்கரன் ரயில்வேயில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று அவர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மலைக்கு மொத்தம் எத்தனை படிங்க?" அக்கா சட்டென்று, "வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை" என்றாள். அவர் சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அக்கா தனியாக இருக்கும்போது சிரித்துக்கொள்வதை நான் பார்த்தேன். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. முந்தைய மூன்று பேர் போனபோது அவள் அழவில்லை. இது போனால் அழுவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாளுக்கு மட்டும் இன்னும் மனசு முழுதாக ஒப்பவில்லை. அவர் மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருப்பவர். அன்று மலையேறி முருகனைப் பார்த்து, வீட்டில் படையல் போட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பார். அவர் சொல்லி அனுப்பினார்: "வர்ற கிருத்திகைக்கு நாங்க மலைக்கு வர்றோம். உங்க வூட்லயே படையல் போட்டுடுங்க. சாமி கும்புட்டு, சாப்ட்டு, அப்டியே பொண்ணுக்குப் பூ வெச்சிட்டுப் போறோம்."

பூ வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் அப்புறம் மாற்றமே இல்லை. அதனால் அம்மா நல்ல சமையல்காரர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்றாள். லீவுக்கு வந்திருந்த நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். அந்த வயதில் எல்லாவற்றையும் எழுந்து நின்றுதான் சொல்வேன்.

"நான் இருக்கும்போது வெளி ஆளு எதுக்கும்மா? இருபது பேருக்குத்தானே. நாங்க காலேஜுல நூறு பேருக்கு செய்யறோம்."

அம்மா என்னை நம்பவில்லை. நைனா மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். ஊருக்கு முன்னால் பி.ஏ. மாதிரி ஒன்றைச் சமையலாக ஒப்புக்கொள்ள அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டதோ என்னவோ. "செய்யட்டும் வுடு" என்றார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "தணிகா, நல்லா கேட்டுக்கோ. குளிச்சிட்டு மடியா செய்யணும். வெங்காயம், பூண்டு கூடாது. படையல் போட்டு கற்பூரம் காட்டற வரைக்கும் எதையும் வாயில வெக்கக் கூடாது. சாமிக்கு முந்தி நீ தின்னா அது எச்சிலு. புரியுதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன். உண்மையிலேயே தெரியும். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பார்த்ததுதான். முருகனுக்கு முன்னால் யாராவது வடையை மோந்து பார்த்தால்கூட அம்மா கரண்டியைத் தூக்குவாள்.

கிருத்திகை அன்று காலை ஐந்து மணிக்கே குளித்துவிட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. பின்பக்கத்துக் கொட்டகையில் மூன்று விறகு அடுப்புகள். அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தணிகா, நீ இன்னா, ஆசுபத்திரியில கம்பவுண்டரா சேந்துட்டியா?"

கலைஞன் வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று நினைத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைய சமையல் என் கைக்கு அமைந்தது. சர்க்கரைப் பொங்கல் பதமாக இறங்கியது. மிளகு வடை மொறுமொறுவென்று வந்தது. சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல் (ஏழு பக்கம்), சேமியா பாயசம், எல்லாம் பதினொன்றரைக்குள் தயார். அம்மா வாசலில் கோலமும் பூஜைக்கு மாலையுமாக இருந்தாள். அக்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நானும் என் திறமையும் மட்டும்தான்.

பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து இறங்கி நேரே வந்துவிட்டார்கள். ராஜம்மாள் கால் கழுவுவதற்காகப் பின்பக்கம் கிணற்றடிக்கு வந்தவர், என் தொப்பியைப் பார்த்து நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நெற்றியில் புது விபூதி. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத உதடு காய்ந்திருந்தது.

"வாசனை தெருமுனை வரைக்கும் வருது தம்பி. எல்லாம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க அத்தை. பொங்கல்ல நெய் கரெக்டா இருக்குது. பாயசத்துல இனிப்பு ஒரு நூலு தூக்கல். மொதல் ஈடு வடையில காரம் போதல, அடுத்த ஈடுல சரி பண்ணிட்டேன். சாம்பாருக்கு உப்பு கச்சிதம்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதெல்லாம் உனக்கு எப்டித் தெரியும்?"

இரண்டு வருடமாக ஊரில் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அது. கோட்டுக் கையிலிருந்து ஸ்பூனை உருவி அவரிடம் காட்டினேன்.

"இதால ருசி பார்ப்போங்க. எங்க படிப்புல இதுதான் முக்கியம்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து என் கை அதன் பாட்டுக்கு எல்லாச் சட்டியிலும் ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றைக்கூட விடவில்லை. பாயசத்தை இரண்டு தடவை.

ராஜம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "படையல் இன்னும் போடலதானே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். தொப்பியும் ஆடியது.

அத்துடன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பாதிப் படிப்பு என்னை விடவில்லை. "எச்சில் ஆவாதுங்க அத்தை. இது ரெண்டு ஸ்பூன் முறை. சட்டியில போற கரண்டி வேற, வாயில போற ஸ்பூனு வேற. சுகாதாரப்படி பாத்தா..."

"வாயில போச்சா, இல்லியா?"

"போச்சுங்க."

"சாமிக்கு முந்தி?"

"ஆங்."

"அவ்ளோதான்" என்றார். கால் கழுவாமலே கூடத்துக்குத் திரும்பிப் போனார். "கிளம்புங்க, போலாம். சாமிக்கே மீதியைப் போடற வூட்ல நாம இன்னாத்த சாப்டறது?" என்று அவர் சொன்னது கொட்டகை வரை கேட்டது.

அதன் பிறகு கூடத்தில் நடந்ததை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். நைனா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நூல் கடையில் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், சத்தமே வராத குரலில், "பையன் தெரியாம செஞ்சிட்டாங்க, மன்னிச்சிக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா புதுப் புடவையில் நின்றிருந்தாள். என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை முழுங்கினால் தேவலை என்று உண்மையாகவே நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அம்மா, மணி இன்னும் பன்னெண்டு ஆவல. இந்தப் பசியில நீங்க அரக்கோணம் போயி, அப்புறம் சமைச்சு, எப்ப படையல் போடறது? மயக்கம் வந்துடும். திருப்பி செய்ய எவ்ளோ நேரம் ஆவும்னு கேளுங்க." பேசியது அம்மாவிடம்தான். பார்த்தது அறைக் கதவை.

ராஜம்மாள் மகனைப் பார்த்தார், அவன் பார்த்த கதவையும் பார்த்தார்.

"இன்னைக்கு வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம். அதுக்குள்ள படையலும் ஆவணும், பூவும் வெக்கணும். அடுப்பைக் கழுவி, கோலம் போட்டு, வேற பாத்திரத்துல செய்யட்டும்."

"நானே செய்யறேங்க" என்று அம்மா முன்னால் வந்தாள்.

"நீங்க வாணாம். தப்பு பண்ணவனே செய்யட்டும். வாயில துணியைக் கட்டிக்கினு செய்யட்டும். கோயில் மடப்பள்ளியில அப்டித்தான்."

அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் நான் மறக்க நினைத்து முடியாமல் போனது. நைனாவின் ஈரத் துண்டை அக்காவே என் வாயைச் சுற்றிக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள். வெல்லம் தீர்ந்துவிட்டது, உளுந்தும் இல்லை. இருந்த பச்சரிசிக்கும் பருப்புக்கும் வெண்பொங்கல், ஒரு சாம்பார், அப்பளம் என்று முடிவானது. இனிப்புக்கு அவர்கள் மலையிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தம்.

ருசி பார்க்க முடியாது. எனவே கல்லூரி நோட்டை அடுப்படியில் விரித்து வைத்துக்கொண்டு, அரிசிக்கு இவ்வளவு, பருப்புக்கு இவ்வளவு என்று உப்பைக் கணக்குப் போட்டு அளந்து போட்டேன். சந்தேகத்துக்கு இரண்டு முறை கணக்குப் போட்டேன். அக்கா விறகு தள்ளினாள், மிளகு தட்டினாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. (துண்டு.) இடையில் இரண்டு முறை என் கை ஸ்பூனைத் தேடிக் கோட்டுக்குப் போனது. இரண்டு முறையும் அக்கா புறங்கையில் அடித்தாள்.

ஒன்று ஐந்துக்குப் படையல். கற்பூரம் காட்டி, மணி அடித்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். அந்த வீட்டில் அவ்வளவு ஆத்மார்த்தமாக நான் அதற்கு முன் கும்பிட்டதில்லை. இலை போட்டார்கள். நான்தான் பரிமாறினேன். ராஜம்மாள் முதல் வாய் பொங்கலை எடுத்து வைத்தார்.

அவர் கண்கள் கொஞ்சம் பெரிதாயின. மாப்பிள்ளையின் அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், தண்ணீர் டம்ளரை எட்டிப் பிடித்தார். நைனா மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு மலைத் திசையைப் பார்த்தார். நான் ஓரமாகப் போய்க் கையில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தேன். வெறும் உப்பு. நல்ல உப்பளத்தில்கூட அவ்வளவு உப்பு இருக்குமா என்பது சந்தேகம்.

முடிந்தது என்று நினைத்தேன். ராஜம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பந்தி மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது.

"பிரசாதம்" என்றார். "குறை சொல்லக் கூடாது. எல்லாரும் சாப்டுங்க."

சாப்பிட்டார்கள். முருகன் சாப்பிட்டதை மனிதன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? என்னைக் கவிழ்த்த அதே சாஸ்திரம் என்னைத் தூக்கியும் விட்டது. மாப்பிள்ளை பஞ்சாமிர்தத்தை வெண்பொங்கலில் போட்டுப் பிசைந்து, நடுநடுவே தண்ணீர் குடித்து, இலையைக் காலி செய்தார். ஒரு குடம் தண்ணீர் அந்தப் பந்தியிலேயே தீர்ந்தது. பிறகு ராகு காலத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ராஜம்மாள் அக்காவைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்துத் தலையில் பூ வைத்தார். அக்கா குனிந்துகொண்டே அழுதாள். நானும் கொட்டகைக்குப் போய் அழுதேன். (புகை என்று சொல்லிக்கொண்டேன்.)

நான் முதலில் செய்த சமையல் மொத்தமும் அன்று எங்கள் தெருவுக்குப் போனது. இப்படிப் பொங்கலும் பாயசமும் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை என்று அடுத்த வீட்டு அம்மாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார். கம்பவுண்டர் வேலையை விட்டுவிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் படிப்பை முடித்து, பெரிய ஓட்டல்களில் முப்பத்தைந்து வருடம் சமைத்து, ஒரு ஓட்டலில் தலைமைச் சமையல்காரனாக ஓய்வும் பெற்றுவிட்டேன். வெள்ளைக்காரர்கள் சமையலறைக்கு வந்து கை குலுக்கியிருக்கிறார்கள். அக்கா வீட்டில் மட்டும் எனக்கு மரியாதை கிடையாது. அங்கே உப்புக்குத் தனி அளவு ஒன்று இருக்கிறது. ரசத்தில் உப்பு கூடிவிட்டால், "இன்னாம்மா, இன்னைக்கு ஒரு தணிகா போட்டுட்டியா?" என்று பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கேட்பார். அரை தணிகா, கால் தணிகா என்றும் உண்டு. அக்காவின் மருமகள்கள் வந்த முதல் வாரத்திலேயே இந்த அளவைக் கற்றுக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கில் தப்பு எங்கே? அதே நோட்டைப் பார்த்து, அதே அளவில் எத்தனையோ முறை வெண்பொங்கல் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் உப்பு கச்சிதமாக இருந்தது.

ராஜம்மாள் நல்ல வயதாகிக் காலமான பிறகு, ஒரு நாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். இதை அவளிடம் சொல்லிப் புலம்பினேன். அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"உன் கணக்குல தப்பு இல்லடா. நீ கிணத்துக்குத் தண்ணிக்குப் போனப்போ நானும் ஒரு கை போட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ பதட்டத்துல மறந்துட்டிருப்பியோன்னு பயமா இருந்திச்சு. உப்பில்லாம இருந்தா எழுந்து போயிடுவாங்களோன்னு நெனச்சேன். அவரு போயிடுவாரோன்னு இருந்திச்சிடா எனக்கு. கை நடுங்குச்சா, கொஞ்சம் தாராளமாவே வுழுந்துடுச்சு."

"இத்தினி வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"எங்க மாமியார் இருந்தாங்களே. கல்யாணத்துக்கு முந்தியே பொண்ணுக்கு உப்பு போடத் தெரியலன்னு ஆயிடாதா?"

"சரி, இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லு."

"இனிமே சொல்லி யாரு நம்பப் போறாங்க? உன்னைக் காப்பாத்தறதுக்கு நான் பொய் சொல்றேன்னுவாங்க" என்றாள்.

அன்று இரவு அக்காவின் பேரன் அப்பளத்தைக் கடித்துவிட்டு, "ரெண்டு தணிகா" என்றான். வீடே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அக்காதான்.